புளூடூத் அனுமதி: கொடுப்பதா, மறுப்பதா, வேலை முடிந்ததும் பிடுங்குவதா?

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடை. மேசை மேல் 58 மில்லிமீட்டர் புளூடூத் பில் பிரிண்டர். விளக்கு எரிகிறது, பேப்பர் ரோலும் புதிது. போனில் பில் செயலியைத் திறந்து பிரிண்டரைத் தேடினால் பட்டியல் காலியாக வருகிறது. பிரிண்டர் போய்விட்டது என்று டவுன்ஹால் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். செயலியை ஏற்றிய அன்று வந்த அனுமதிப் பெட்டியில் யாரோ மறுப்பைத் தொட்டிருப்பார்கள். ஆண்ட்ராய்டு 11-லிருந்து, இரண்டு முறை மறுத்துவிட்டால் போன் அந்தக் கேள்வியை மறுபடி காட்டாது. செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்தச் செயலி, அனுமதிகள் என்று உள்ளே போய்த்தான் திறந்துவிட வேண்டும். அங்கே 'புளூடூத்' என்று தேடினால் கிடைக்காது. ஆண்ட்ராய்டு 12 வந்த 2021-லிருந்து அதன் பெயர் 'அருகிலுள்ள சாதனங்கள்'.

அந்த ஒரு பெயருக்குள் மூன்று புளூடூத் உரிமைகள் இருக்கின்றன: சுற்றியுள்ள கருவிகளைத் தேடுவது, ஏற்கெனவே பேர் (pair) செய்த, அதாவது போனோடு ஜோடி சேர்த்து வைத்த கருவியோடு இணைவது, தன்னைப் பிறருக்கு அறிவிப்பது. பில் பிரிண்டருக்குத் தேவை பெரும்பாலும் நடுவில் உள்ளது மட்டும்தான். முதலில் போனின் செட்டிங்ஸிலேயே பேர் செய்வோம் (கேட்கும் எண் வழக்கமாக 0000 அல்லது 1234), செயலி அந்தப் பட்டியலைப் படித்துக்கொள்ளும். ஆனால் தனித்தனியாகக் கொடுக்க வழியில்லை. இருப்பிடத்துக்கு உள்ளதுபோல 'பயன்படுத்தும்போது மட்டும்' என்ற தேர்வும் இங்கே இல்லை. ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். ஐபோனிலும் 2019-ல் ஐஓஎஸ் 13 வந்ததிலிருந்து இதே கதைதான்; அங்கே 'புளூடூத்' என்றே கேட்கும்.

கேட்கும்போதெல்லாம் கொடுத்துவிடுவது முதல் வழி. எதுவும் பாதியில் நிற்காது என்பது அதன் லாபம். நஷ்டம் எங்கே என்பதில்தான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். இயர்பட்ஸில் ஓடும் பாட்டை யாரோ ஒட்டுக்கேட்பார்கள் என்பது கவலை. உண்மையான விஷயம் சுற்றியிருக்கும் கருவிகளின் பட்டியல். எதிர்வீட்டு டிவி, மாடி வீட்டு சவுண்ட்பார், பக்கத்துக் கடை பிரிண்டர் எல்லாம் இடம் மாறாதவை. ஒவ்வொன்றின் சிக்னல் பலமும் எண்ணாக வரும்: மைனஸ் 50 என்றால் பக்கத்தில், மைனஸ் 90 என்றால் எங்கோ தள்ளி. இந்தப் பட்டியலும் எண்களும் சேர்ந்தால், ஜிபிஎஸ் இல்லாமலே நீங்கள் அண்ணா நகர் வீட்டில் இருக்கிறீர்களா, மாட்டுத்தாவணியில் இருக்கிறீர்களா என்று பிரித்துவிடலாம். பீக்கன், அதாவது தன் அடையாள எண்ணைப் புளூடூத்தில் அனுப்பிக்கொண்டே இருக்கும் சின்னக் கருவி, இன்னும் துல்லியம். ஆப்பிள் 2013-ல் கொண்டுவந்த ஐபீக்கன் அனுப்பும் அடையாளம் 20 பைட் மட்டுமே: 16 பைட் நிறுவனத்துக்கு, 2 கிளைக்கு, 2 மூலைக்கு என்று வைத்துக்கொள்ளலாம். அது உங்களோடு பேசவே வேண்டாம். எந்த எண் எந்த அலமாரி என்று செயலிக்குத் தெரிந்தால் போதும். யார் பக்கத்தில் யார் இருந்தார் என்பதைப் புளூடூத் சொல்லும் என்பதற்காகத்தான் 2020-ல் ஆரோக்கிய சேதுவே அதைக் கேட்டது.

எல்லாவற்றையும் மறுப்பது இரண்டாவது வழி. பலர் பயப்படும் அளவுக்கு இதில் இழப்பு இல்லை. பாட்டு, வீடியோ சத்தத்தை இயர்பட்ஸுக்கு அனுப்புவது போனின் வேலை. பாட்டுச் செயலிக்கு இந்த அனுமதியே வேண்டாம். கடையில் பணம் வந்ததைக் குரலில் சொல்லும் பெட்டியும் தன் சிம் வழியாகவோ வைஃபை வழியாகவோதான் வேலை செய்கிறது. டார்ச், வால்பேப்பர், செய்தி, தள்ளுபடிக் கூப்பன் செயலிகள் கேட்டால் யோசிக்காமல் மறுக்கலாம். வாட்ஸ்அப் மாதிரி அழைப்புச் செயலிகளில் மட்டும் கொஞ்சம் பார்க்க வேண்டும்: மறுத்த பிறகு பேச்சு ஹெட்செட்டுக்கு மாறாமல் போன் ஸ்பீக்கரிலேயே நின்றால், அங்கே கொடுத்துவிடுங்கள்.

மறுக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு. கையில் ஒட்டியிருக்கும் சர்க்கரை அளவு சென்சார். இரவில் சர்க்கரை சரிந்தால் எழுப்பும் அலாரம் புளூடூத் இணைப்பை நம்பித்தான் இருக்கிறது. இதற்கு அனுமதியும் நிரந்தரம், புளூடூத்தும் 24 மணி நேரம். வீட்டில் பெரியவர் போனை வாங்கி 'சுத்தம்' செய்து தரும் பிள்ளைகள் இதை மட்டும் தொடாமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, தேவைப்படும்போது கொடுத்துவிட்டுப் பிறகு எடுப்பது. காரின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஓபிடி கருவி, எப்போதாவது கோப்பு அனுப்பும் செயலி போன்றவற்றுக்கு இது சரியாகப் பொருந்தும். தினமும் ஓடும் ஸ்மார்ட் வாட்ச்சுக்குப் பொருந்தாது. எடுத்த கணத்தில் வாட்ச்சுக்கு நோட்டிஃபிகேஷன் போவதும், நடைக் கணக்கு போனுக்கு வந்து சேர்வதும் நின்றுவிடும். கவனிக்க வேண்டியது, ஆண்ட்ராய்டு தானாகவே இந்த மூன்றாவது வழியில் நடக்கும். சில மாதம் திறக்காத செயலியின் அனுமதிகளை அதுவே எடுத்துவிடுகிறது. சித்திரைத் திருவிழாவுக்கு மட்டும் கடை போடுபவர் மறு வருஷம் பில் செயலியைத் திறந்தால் பிரிண்டர் பட்டியல் காலியாக இருப்பது இதனால்தான். கூட்டம் சேரும் முன்பு, முதல் நாளே ஒரு சோதனை பில் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

எங்கள் கணிப்பில் ஆண்ட்ராய்டு 12-ம் அதற்கு மேலும் உள்ள போன்களுக்குச் சிறந்தது நான்காவது வழி: கையில் கருவி இருக்கும் செயலிக்கு 'அருகிலுள்ள சாதனங்கள்' கொடுத்து, 'இருப்பிடம்' மறுப்பது. இருப்பிட அனுமதி இல்லாத செயலி கருவிகளைத் தேட வேண்டுமானால், அந்தத் தேடலை இருப்பிடம் அறியப் பயன்படுத்த மாட்டேன் என்று முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். அப்படி அறிவித்தால் சில பீக்கன்களைச் சிஸ்டமே வடிகட்டிவிடும். அறிவிக்காவிட்டால் தேடலில் எதுவும் கிடைக்காது. இருப்பிடத்தை மறுப்பதால், நீங்கள் ஓடும் பாதையை வாட்ச் செயலி வரைபடத்தில் காட்டுவது நின்றுபோகும். வாட்ச்சின் மற்ற வேலைகள் பெரும்பாலும் நடக்கும்.

ஐபோனில் கணக்கு வேறு. ஐபீக்கனைப் பார்க்க அங்கே தேவைப்படுவது புளூடூத் அனுமதி அல்ல, இருப்பிட அனுமதி. புளூடூத்தை மறுத்துவிட்டு இருப்பிடத்தை 'எப்போதும்' என்று விட்டுவைத்தால் பீக்கன் விஷயத்தில் ஒன்றும் தடுக்கப்படவில்லை. கன்ட்ரோல் சென்டரில் புளூடூத் பட்டனைத் தட்டினாலும் அது முழுதாக அணையாது. அப்போதைக்கு இணைப்பைத் துண்டித்து, மறுநாள் பழையபடி வந்துவிடும். அணைக்க வேண்டுமானால் செட்டிங்ஸுக்குள் போக வேண்டும்.

ஆண்ட்ராய்டு 11-ம் அதற்குக் கீழும் உள்ள செகண்ட் ஹேண்ட் போன்களில் இந்தத் தேர்வே கிடையாது. அங்கே வாட்ச்சைத் தேடக்கூட இருப்பிட அனுமதிதான் கேட்கும், இருப்பிட சேவையும் ஆனில் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 10, 11 என்றால் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்பதைத் தொடுங்கள். பேர் செய்து முடித்ததும் இருப்பிட சேவையை அணைத்துப் பாருங்கள். ஏற்கெனவே இணைந்த கருவி பெரும்பாலும் இணைந்தே இருக்கும். கூடவே இருப்பிட செட்டிங்ஸில் 'புளூடூத் ஸ்கேனிங்' என்ற பட்டனையும் தேடி அணையுங்கள். அது ஆனில் இருந்தால், புளூடூத்தை அணைத்த பிறகும் போன் சுற்றிலும் தேடிக்கொண்டிருக்கும்.