32 பிரஷ் செட் வேண்டாம்: மதுரைத் தண்ணீரையும் வேர்வையையும் தாங்கும் கிட்

மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பேன்சி கடைகளில் ‘புரொஃபஷனல் செட்’ என்று கேட்டால், கறுப்பு ரெக்சின் உறையில் செருகிய 24 அல்லது 32 மேக்கப் பிரஷ்ஷை எடுத்து விரிப்பார்கள். பார்க்க நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் கல்யாண வேலையில் அதில் பாதி உறையை விட்டே வெளியே வராது. மீதிப் பாதியில் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்பதால் இரண்டாவது முகத்துக்கே தடுமாற்றம்.

விடிகாலை நாலரை, ஆறு மணி முகூர்த்தம் என்றால் பொண்ணுக்கு இரவு ஒன்றரை மணிக்கே உட்கார வேண்டும். அவள் முடிந்ததும் அம்மா, அண்ணி, மூன்றாவது முடிச்சுப் போடப்போகிற நாத்தனார் என்று வரிசை நிற்கும். நடுவில் பிரஷ்ஷைக் கழுவிக் காயவைக்க நேரம் ஏது? சின்ன கண் பிரஷ் காயவே நாலைந்து மணி நேரம் ஆகும். நெருக்கமாக முடி கட்டிய ஃபவுண்டேஷன் பிரஷ்ஷுக்கு ஒரு முழு நாள் வேண்டும். அதனால் வகையைக் குறைத்து, ஒரே வகையை இரண்டு மூன்றாக வாங்குவதுதான் தொழிலுக்குச் சரிப்படும்.

ஒரு நாளில் மூன்று, நான்கு முகங்கள் செய்கிறவருக்கு எங்கள் கணக்கு இது. தட்டைத் தலை ஃபவுண்டேஷன் பிரஷ் 3, கருவளையம் மறைக்கும் கன்சீலருக்குத் தட்டை பிரஷ் 3, பெரிய பவுடர் பிரஷ் 2, கண்ணுக்குக் கீழே போகும் சின்ன பவுடர் பிரஷ் 3, பிளஷ் 2, கன்னத்துக்கு நிழல் தரும் கான்டூர் 2, கண்ணுக்குப் பிளெண்டிங் 6, பென்சில் பிரஷ் 2, ஐ ஷேடோ அழுத்தத் தட்டை பிரஷ் 4, சாய்வெட்டு லைனர் 3, மெல்லிய லைனர் 2. கூட்டிப் பார்த்தால் இதுவும் 32தான், ஆனால் வகை 11. உதட்டுக்கும் மஸ்காராவுக்கும் ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிற குச்சிகள் போதும். விசிறி பிரஷ்ஷை நாங்கள் சேர்க்கவில்லை. உதிர்ந்த ஷேடோவைத் தட்டிவிட சுத்தமான பவுடர் பிரஷ்ஷே போதும்.

பிளெண்டிங் மட்டும் ஏன் ஆறு? ஒரு ஆளுக்கு மூன்று வேண்டும். ஒன்று வெளிர் நிறத்துக்கு, ஒன்று அடர் நிறத்துக்கு. மூன்றாவதை எந்தக் கலரிலும் தொடாமல் ஓரத்தைக் கரைக்க மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டுப்புடவைக்கு மெரூன், பிரவுன் என்று அடர் கலர் போடும்போது இமையின் மேல் விளிம்பில் கோடு தெரிவதற்குப் பெரும்பாலும் ஷேடோ காரணமில்லை, கலர் ஏறிய பிரஷ்ஷாலேயே ஓரத்தையும் தேய்ப்பதுதான். மாக் (MAC) கம்பெனியின் 217 நம்பர் பிரஷ் பிரபலமாக்கிய முட்டை வடிவம் இதற்கு நன்றாக ஒத்துவரும். அதே வடிவத்தில் இந்தியக் கம்பெனிகளும் விற்கின்றன. கைப்பிடியின் கடைசி நுனியைப் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும்.

அடுத்து முடி. ஆட்டு முடியில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. பவுடர் அதில் ஒட்டி, முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதே முடியை கிரீமில் தோய்த்தால் எண்ணெயைக் குடித்துக்கொண்டு சீக்கிரம் விடாது. சிந்தெடிக் முடி நைலான் அல்லது பி.பி.டி. என்கிற பாலியெஸ்டர் இழை. வழவழப்பாக இருப்பதால் கிரீமை உறிஞ்சாது, ஆல்கஹாலுக்கும் அசையாது. நைலானைவிட பி.பி.டி. வளைந்தாலும் நன்றாக நிமிரும். விலங்கு முடியா, சிந்தெடிக்கா என்று சந்தேகம் வந்தால் ஒரே ஒரு முடியைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டுங்கள். விலங்கு முடி பொசுங்கித் தலைமுடி கருகும் நாற்றம் அடிக்கும், சிந்தெடிக் உருகிச் சின்ன மணியாகத் திரளும்.

ஜப்பானில் ஹிரோஷிமா பக்கம் குமானோ என்ற ஊர் முழுக்க பிரஷ் தொழில்தான். 2011இல் பெண்கள் கால்பந்து உலகக் கோப்பையை வென்ற அணிக்கு அந்நாட்டு அரசு பரிசாகக் கொடுத்ததும் குமானோ மேக்கப் பிரஷ் செட்தான். ஹாகுஹோதோ போன்ற பிரஷ் கம்பெனிகள் அங்கிருந்து வருபவை. அந்த ஊர் பிரஷ்ஷில் முடி நுனியைக் கத்தரிக்க மாட்டார்கள். மர அச்சில் முடியைக் குவித்தே வடிவம் கொண்டுவருவார்கள். முகத்தில் குத்தாததற்கு அதுதான் காரணம். அருமையான பொருள், மறுப்பே இல்லை. ஆனால் ஒவ்வொரு முகத்துக்கும் நடுவே ஆல்கஹால் அடிக்க வேண்டிய கல்யாணக் கிட்டில் அதைப் போட்டால் சில மாதங்களில் வைக்கோலாகிவிடும். சொந்த முகத்துக்கு வாங்கி வைத்துக்கொள்ளலாம். தொழிலுக்கு எங்கள் தீர்ப்பு: பெரிய பவுடரும் பிளஷும் விருப்பமிருந்தால் ஆட்டு முடி, மற்ற ஒன்பது வகையும் சிந்தெடிக்.

சிந்தெடிக் பக்கம் சாய இன்னொரு காரணமும் உண்டு. பன்றி முடி கலந்திருக்குமோ என்று முஸ்லிம் வீடுகளில் கேட்பார்கள், எந்த விலங்கு முடியும் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். கிட் முழுக்க சிந்தெடிக் என்றால் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். மெல்லிய லைனருக்கு ஸ்டேஷனரி கடை ஓவிய பிரஷ் (000 அல்லது 00 நம்பர்) நன்றாக வேலை செய்யும், விலையும் குறைவு. ஆனால் கீரிப்பிள்ளை முடி பிரஷ் என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

கடையில் பார்க்க வேண்டியது முடியைவிடப் பூண். முடியையும் கைப்பிடியையும் சேர்த்துப் பிடிக்கிற உலோகக் குழாயைத்தான் சொல்கிறோம். அதில் சுற்றி அழுத்திய வரி இரண்டு இருக்க வேண்டும், ஒன்றே இருந்தால் கைப்பிடி சீக்கிரம் ஆடும். பூணை இரண்டு விரலில் பிடித்துக் கைப்பிடியைத் திருகுங்கள். இம்மி அசைந்தாலும் திருப்பி வைத்துவிடலாம். பூணின் மடிப்பில் இடைவெளி இருந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். பிறகு பிரஷ்ஷைப் புறங்கையில் பூ மாதிரி விரியும்வரை அழுத்தி எடுங்கள். உடனே பழைய வடிவத்துக்கு வர வேண்டும். முடியை மெதுவாக இழுத்தால் ஒன்றிரண்டு வருவது புதுசில் சகஜம், கொத்தாக வந்தால் உள்ளே பசை சரியில்லை. கறுப்பு, சிவப்புச் சாயம் ஏற்றிய முடியை ஈர டிஷ்யூவில் தேய்த்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். வெளிர் கன்சீலரில் சாயம் இறங்கினால் பொண்ணின் கண்ணுக்குக் கீழே சாம்பல் பூத்துவிடும்.

இந்த ஊரில் பிரஷ்ஷைக் கொல்வது உபயோகம் இல்லை, தண்ணீர். பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு. அதில் பார் சோப்புப் போட்டால் உப்பில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசினாக முடியில் படியும். காய்ந்ததும் பிரஷ் விறைத்துப் போவது, பவுடர் திட்டுத் திட்டாக ஏறுவது எல்லாம் இதனால்தான். பிரஷ் மட்டமென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் ஒருமுறை கேன் தண்ணீரில் அலசிப் பாருங்கள்.

கழுவும் முறை இப்படி. கிரீம் பிரஷ் என்றால் முதலில் உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, பிரஷ்ஷைத் தண்ணீர் படாமலே சுழற்றுங்கள். வாட்டர்ப்ரூஃப் ஃபவுண்டேஷனில் உள்ள சிலிக்கோனும் மெழுகும் ஷாம்புவுக்கு மட்டும் அசையாது, எண்ணெய்க்குத்தான் இளகும். டிஷ்யூவில் ஒற்றி எடுத்துவிட்டு, சிந்தெடிக்காக இருந்தால் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு, ஆட்டு முடியாக இருந்தால் பேபி ஷாம்பு ஒரு சொட்டு. வெதுவெதுப்பான தண்ணீர் போதும், சுடுதண்ணீர் பசையை இளக்கிவிடும். முடி எப்போதும் கீழ்நோக்கியே இருக்கட்டும், பூணுக்குள் தண்ணீர் ஏறக்கூடாது. குழாய்த் தண்ணீரில் நுரை போகும்வரை அலசிவிட்டு, கடைசி அலசலை மட்டும் ஆர்.ஓ. கேன் தண்ணீரில் செய்யுங்கள். முழுக் கிட்டுக்கும் இரண்டு லிட்டர் தாராளம்.

டம்ளரில் நிமிர்த்தி வைத்துக் காயவைப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. தண்ணீர் முடி வழியாகப் பூணுக்குள் இறங்கும், உள்ளே மரக் கைப்பிடி ஊதும், மேல் பெயின்ட் வெடிக்கும், மரம் காய்ந்து சுருங்கும்போது பூண் கழன்று வரும். மேஜை ஓரத்தில் முடி மட்டும் வெளியே நீட்டியிருக்கும்படி படுக்கவைத்து, மின்விசிறிக் காற்றில் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தடித்த பிரஷ் ஒன்றரை நாள்கூட எடுக்கும். பாதி ஈரத்தில் உறையில் வைத்துச் சுருட்டினால் புழுங்கிய வாடை வரும், பிறகு எவ்வளவு கழுவினாலும் லேசில் போகாது.

நலங்கு மஞ்சள் தனிக் கதை. முதல் நாள் பூசியது முகத்தில் மிச்சம் இருந்தால் வெள்ளை முடி பிரஷ் ஒரே வேலையில் மஞ்சளாகிவிடும். ஷாம்புவுக்குப் போகாது. கழுவியபின் காலை வெயிலில் சில மணி நேரம் வைத்தால் மஞ்சள் நிறம் வெளிச்சத்துக்குத் தானே வெளுக்கும். கறை இருந்தாலும் கெடுதல் இல்லை, ஆனால் வாடிக்கையாளர் கண்ணுக்கு அழுக்குதான். அடுத்த முறை மைசெல்லர் தண்ணீரால் முகத்தைத் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இரண்டு முகங்களுக்கு நடுவில் பிரஷ்ஷைச் சுத்தம் செய்ய 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால். 99 சதவீதம் கிடைத்தால் 70 மில்லிக்கு 30 மில்லி டிஸ்டில்டு வாட்டர் சேருங்கள். கடுமையாக இருந்தால் நல்லது என்று அப்படியே அடிக்கக்கூடாது. தண்ணீர் கலந்தால்தான் மெதுவாக ஆவியாகும், கிருமிக்குள் இறங்கி வேலை செய்யும். டிஷ்யூவில் தெளித்து, கலர் வராதவரை முடியை முன்னும் பின்னும் துடைத்து, குறைந்தது ஐந்து நிமிடம் காயவிடுங்கள். ஈரத்தோடு இமையில் வைத்தால் எரியும், ஷேடோவும் திரிந்து திட்டாகும். பக்கத்தில் குத்துவிளக்கோ சாம்பிராணியோ எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், கல்யாண வீட்டில் இரண்டும் இருக்கும். மெட்ராஸ் ஐ பரவும் நாட்களில் கண் சிவந்தவருக்கு வைத்த பிரஷ்ஷை அன்று வேறு யாருக்கும் எடுக்கவே வேண்டாம். தனிப் பையில் போட்டு வீட்டில் முழுசாகக் கழுவுங்கள்.

வேலை நேரத்துக்கு வருவோம். சித்திரை, வைகாசியில் ஏ.சி. இல்லாத மண்டப அறையில் ஃபவுண்டேஷனைத் தேய்த்தால் அடியில் போட்ட பிரைமர் உருண்டு வரும். பிரஷ்ஷை நிமிர்த்தி ஒற்றி ஒற்றி வைத்து, கடைசியில் ஓரத்தை மட்டும் சுழற்றுங்கள். ஸ்டிக் ஃபவுண்டேஷனை ஸ்டீல் தட்டில் ஸ்பேச்சுலாவால் குழைத்துவிட்டு எடுத்தால் பாதி அளவே போதும். நெற்றி ஓரத்தில் தலை எண்ணெய் இருக்கும். அங்கே பட்ட பவுடர் பிரஷ் காம்பேக்டுக்குத் திரும்பிப் போனால் பவுடர் மேல் பளபளவென்று தோல் கட்டிவிடும், அதற்குப் பிறகு எந்தப் பிரஷ்ஷும் ஏற்றாது. செலோடேப்பை ஒட்டி இழுத்தால் அந்தத் தோல் வந்துவிடும். தலையோரத்துக்கு இரண்டாவது பவுடர் பிரஷ்ஷை ஒதுக்கினால் இந்தத் தொல்லையே இல்லை. வேர்வையை முதலில் டிஷ்யூவில் ஒற்றாமல் பவுடர் போட்டால் பிரஷ் நுனி கட்டிதட்டி, கன்னத்தில் கோடு இழுக்கும்.

திருமங்கலம், மேலூர் என்று வெளியூர் வேலைக்குப் போகும்போது கிட்டை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். பூணுக்குள் இருக்கும் பசைக்கு அந்தச் சூடு ஆகாது. ஆடியிலும் மார்கழியிலும் வேலை குறையும்போது மொத்தக் கிட்டையும் இறக்கிப் பார்க்கலாம். ஆட்டு முடியைத் துணிப்பூச்சி அரிக்கும், ஆனால் அந்துருண்டை போட்டால் அந்த வாடை பொண்ணின் முகம்வரை வரும். நன்றாகக் காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் மூடினால் போதும்.

பூண் கழன்ற பிரஷ்ஷைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. முழுக்க உருவி, மர நுனியில் பழைய பசையைச் சுரண்டி, இரண்டு நாள் காயவையுங்கள். இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸிப் பசையை மர நுனியில் மெல்லியதாகத் தடவி, செருகி, வழிந்ததைத் துடைத்து ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். நொடியில் ஒட்டும் பசை வேண்டாம், கீழே ஒருமுறை விழுந்தாலே விண்டுவிடும். முடிக்கொத்தே பூணிலிருந்து வந்துவிட்டால் அதற்கு வைத்தியம் கிடையாது.

சீசன் ஓட்டத்தில் முதலில் தளர்வது ஃபவுண்டேஷன் பிரஷ். நடுவில் குழி விழுந்து, வைத்த இடத்தில் வரி தெரிந்தால் முகத்திலிருந்து அதற்கு ஓய்வு கொடுங்கள். கழுத்துக்கும் கைக்கும் இன்னும் ஒரு சீசன் ஓடும். சாய்வெட்டு லைனர் நுனி பிரிந்துவிட்டால் புருவத்துக்கு மாற்றலாம். கண் பிரஷ்ஷில் ஒரு முடி குத்தினால்கூட அதைக் கத்தரித்துச் சமாளிக்காதீர்கள். வெட்டிய நுனி இன்னும் கூர்மையாகிவிடும். ட்வீஸரால் வேரோடு பிடுங்குங்கள், திரும்பவும் குத்தினால் அதை ஸ்டீல் தட்டு துடைக்க வைத்துக்கொண்டு புதுசு ஒன்று வாங்குங்கள்.