கடன் எடுத்துப் பங்கு வாங்கச் சொல்கிறார்களா? கொழும்பில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

வெள்ளவத்தைப் பக்கம் மறுபடியும் அந்தப் பேச்சு கேட்கத் தொடங்கிவிட்டது. உலகச் சந்தைகள் ஆடுகின்றன, மந்தம் வரப்போகிறது, விலை விழும்போது கடன் எடுத்தாவது பங்கு வாங்கிப் போட்டால் ஒரு வருடத்தில் இரட்டிப்பாகும் என்று. வாட்ஸ்அப்பில் வருகிறது, தெரிந்தவர்கள் மூலமாக வருகிறது, தரகு நிறுவனங்களில் வேலை செய்யும் நம்முடைய பிள்ளைகளே வீட்டுக்கு வந்து சொல்கிறார்கள். 2021 கடைசியில் எனக்கும் இதைத்தான் சொன்னார்கள். எனக்கு நடந்ததை எழுதி வைத்தால் யாராவது ஒருவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் படிப்பார் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரோ ஆளின் பெயரோ இதில் இல்லை. எப்படிச் செய்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், எங்கே நடந்தாலும் உங்களால் கண்டுபிடிக்க முடியும்.

நான் சின்னதாக ஒரு அச்சகம் நடத்துகிறேன். கல்யாண அட்டை, பில் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ், டியூட்டரிகளுக்குப் பாடக் குறிப்பு. 2021இல் கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஏறத்தாழ 80 சதவீதம் ஏறியது. வங்கியில் நிலையான வைப்புக்கு 5, 6 சதவீதம் கிடைத்த காலம் அது. அச்சகத்தின் சேமிப்பில் இருபது லட்சத்தை எடுத்து ஒரு தரகு நிறுவனத்தில் கணக்குத் திறந்தேன்.

ஆலோசகராக வந்தவர் தமிழ்ப் பெடியன், நல்ல பேச்சு. படிவங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. அவர் அச்சகத்துக்கே வந்து, ஒவ்வொன்றையும் தமிழில் விளக்கி, தானே நிரப்பினார். "இந்தப் பணத்தில் பாதி காகிதம் வாங்க எந்த நேரமும் தேவைப்படும், தம்பி. மிச்சம் மகளின் படிப்புக்கு, அதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு" என்று தெளிவாகச் சொன்னேன். "சரி அண்ணா, அப்படியே போடுறன்" என்றார். நிரப்பிய படிவத்தின் பிரதியைப் பிறகு அனுப்புவதாகச் சொன்னார். அது வரவேயில்லை.

கொஞ்ச நாளில் மார்ஜின் கடன் பேச்சு வந்தது. பங்குகளை அடகாக வைத்து இன்னொரு இருபது லட்சம். அப்போது அந்தக் கடனின் வட்டி பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வங்கிகள் தங்கள் சிறந்த வாடிக்கையாளர்களிடம் வாங்கும் முதன்மைக் கடன் வட்டி வீதம் 8, 9 சதவீதத்தில் இருந்தது, அதற்கு மேல் ஒரு சிறு தொகை. ஆனால் வீதம் மாறும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தது. அடகின் பெறுமதி ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் என்னைக் கேட்காமலே விற்கலாம் என்ற வரியும் இருந்தது. இந்த இரண்டையும் அவர் தமிழில் விளக்கவில்லை. "சந்தை ஏறும்போது கடன் தானாக அடைபடும் அண்ணா" என்பது மட்டும்தான் விளக்கம்.

அப்புறம் நாள்தோறும் கோல். "இண்டைக்கு இதை வித்திட்டு அதை எடுப்பம் அண்ணா." காலையில் ஒரு வங்கிப் பங்கு, அடுத்த வாரம் ஒரு ஹோட்டல் பங்கு, அதையும் விற்று ஒரு கப்பல் துறைப் பங்கு. சில நாட்களில் கோல்கூட வராமல், வாங்கி விற்ற பற்றுச்சீட்டு மட்டும் மின்னஞ்சலில் வரும். கேட்டால் "விலை ஓடிட்டுது அண்ணா, கேக்க நேரமில்லை" என்பார். என் மனைவிதான் முதலில் கேட்டாள்: "இந்தப் பெடியன் ஏன் ஒவ்வொரு நாளும் கோல் எடுக்கிறான்? அவனுக்கு இதில என்ன கிடைக்குது?"

அவள் கேட்டதற்கான பதிலை இந்தப் பதிவிலேயே முக்கியமான விஷயமாக நினைக்கிறேன். எங்களைப் போன்ற சிறிய கணக்குகளுக்கு வாங்கும்போது 1.12 சதவீதம், விற்கும்போது 1.12 சதவீதம் செலவு. அதில் பாதிக்கு மேல் தரகு நிறுவனத்துக்குப் போகிறது. மிச்சம் அரசின் பரிமாற்ற வரி, பங்குச் சந்தை, நம் பங்குகளைப் பதிவில் வைத்திருக்கும் மத்திய வைப்பகம், சந்தையைக் கண்காணிக்கும் ஆணைக்குழு என்று பிரிகிறது. கேட்கச் சின்னத் தொகை மாதிரித்தான் இருக்கும். கையிருப்பு இருபது, கடன் இருபது, மொத்தம் நாற்பது லட்சத்தை ஒரு முறை முழுதாக விற்று வேறு பங்கு வாங்கினால் ஏறத்தாழ 90,000 ரூபாய் போய்விடும். மாதத்தில் இரண்டு முறை அப்படிச் சுற்றினால் 1,80,000. என்னுடைய சொந்தப் பணம் இருபது லட்சம்தானே? அதில் மாதத்துக்கு 9 சதவீதம், சந்தை ஏறினாலும் இறங்கினாலும். எந்தப் பங்கு மாதா மாதம் 9 சதவீதம் தரும்? கடன் எடுக்க வைத்ததால் அவருடைய தரகும் இரட்டித்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அவருக்குச் சம்பளத்தோடு தரகிலும் பங்கு இருந்தது. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

2022 ஜனவரியில் சுட்டெண் 13,000ஐத் தாண்டி உச்சிக்குப் போனது. அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. 18ஆம் திகதி முதல் பங்குச் சந்தையையே ஒரு வாரம் மூடி வைத்தார்கள். திரும்பத் திறந்த அன்றே விலைகள் விழுந்து வர்த்தகத்தை நிறுத்த வேண்டி வந்தது.

மந்தம் என்றால் என்ன என்பதை அப்போதுதான் அனுபவித்தேன். எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் மூடும். டொலர் இல்லாமல் காகிதம் வரவில்லை. மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளையே காகிதத் தட்டுப்பாட்டால் மார்ச்சில் ஒத்திவைத்தார்கள். வந்த கொஞ்சக் காகிதத்துக்கும் முழுக் காசும் முன்கூட்டியே கேட்டார்கள். டியூட்டரிகள் மூடிக் கிடந்தன, கல்யாணங்கள் தள்ளிப் போயின. தொழிலுக்குக் காசு மிக அதிகமாகத் தேவைப்பட்ட அதே வாரங்களில்தான் பங்கு விலை அடிமட்டத்தில் கிடந்தது, கடன் வட்டியும் மேலே ஓடியது. அந்த வருடம் முடியும்போது முதன்மைக் கடன் வட்டி வீதம் 27 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

மார்ஜின் கோல் வந்தபோது நான் பெற்றோல் வரிசையில் நின்றேன். நாளைக்குள் பணம் கட்டாவிட்டால் விற்றுவிடுவோம் என்றார்கள். அந்தக் கோலை எடுத்தவர் என்னுடைய ஆலோசகர் இல்லை, கடன் பிரிவில் உள்ள யாரோ. ஆலோசகரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் விற்றார்கள். கடனும் வட்டியும் கழித்து என் இருபது லட்சத்தில் கைக்கு வந்தது மூன்றரை லட்சம்.

சந்தை விழுந்ததற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. அந்த வருடம் சுட்டெண் 30 சதவீதத்துக்கு மேல் இறங்கியது, எல்லோருக்கும் அடிதான். ஆனால் கடன் இல்லாமல் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களைப் பாருங்கள். 2024 கடைசியில் சுட்டெண் 16,000ஐ நெருங்கியது, 2022 உச்சியைவிட மேலே. இடையில் சாமான் விலை ஏறியதைக் கணக்கில் எடுத்தால் அதை இலாபம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் அவர்களுடைய பங்குகள் அவர்களிடமே இருந்தன. நாற்பது லட்சத்தில் 30 சதவீதம் போனால் பன்னிரண்டு லட்சம். அது முழுவதும் சொந்தப் பணமாக இருந்தால் காத்திருக்கலாம். பாதி கடன் என்றால் அந்தப் பன்னிரண்டும் உங்களுடைய இருபதிலிருந்துதான் போகும். கடன்காரன் காத்திருக்க மாட்டான்.

முறைப்பாடு செய்த கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அங்கே கைவிட்டுவிடுகிறார்கள். முதலில் நிறுவனத்தின் இணக்க அதிகாரிக்கு, அதாவது விதிகளின்படி நடக்கிறதா என்று பார்ப்பவருக்கு, எழுத்தில் கடிதம் கொடுத்தேன். கணக்குத் திறந்த படிவத்தின் பிரதியும், என் பெயரில் கொடுக்கப்பட்ட கட்டளைகளின் ஒலிப்பதிவும் கேட்டேன். பல நினைவூட்டல்களுக்குப் பிறகு படிவம் வந்தது. முதலீட்டு நோக்கம் என்ற இடத்தில் "குறுகிய கால இலாபம்", இடர் என்ற இடத்தில் "அதிகம்" என்று ஆலோசகரின் கையெழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. காகிதத்துக்கும் மகளின் படிப்புக்கும் என்று நான் சொன்னதற்கு எழுதிய மொழிபெயர்ப்பு அது! கோபத்தில் கை நடுங்கியது.

ஒலிப்பதிவு விஷயத்தில் அவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பங்குத் தரகர்கள் தொலைபேசியில் வரும் கட்டளைகளைப் பதிவு செய்து வைக்க வேண்டும். இவர் என்னை அழைத்ததெல்லாம் சொந்த போனில், வாட்ஸ்அப்பில். பல பரிமாற்றங்களுக்குப் பதிவே இல்லை. வாடிக்கையாளர் எழுத்தில் அதிகாரம் கொடுக்காமல் ஆலோசகர் தன் விருப்பப்படி வாங்கி விற்கக் கூடாது. அப்படி ஒரு அதிகாரக் கடிதமும் அவர்களிடம் இல்லை. "வாய்மூலம் சம்மதித்தீர்கள்" என்று பதில் எழுதினார்கள். எல்லாவற்றையும் இணைத்து இலங்கைப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு அனுப்பினேன். அதன் பிறகு, பதிவில்லாத பரிமாற்றங்களுக்கான தரகுப் பணத்தை நிறுவனம் திருப்பித் தந்தது. நட்டத்தைத் தரவில்லை. ஆலோசகர் அதற்குள் வேறு இடத்துக்குப் போய்விட்டார். இப்போதும் யாருக்கோ கோல் எடுத்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு நித்திரை வருவதில்லை.

2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீத வரி என்று அறிவித்தபோது கொழும்பில் விலைகள் சரிந்து 7ஆம் திகதி வர்த்தகத்தை அரை மணி நேரம் நிறுத்தினார்கள். பிறகு அந்த வரி 20 சதவீதமாகக் குறைந்தது, சந்தையும் மீண்டது. அந்த ஒரு வாரத்தில் பயந்து விற்றவர்கள், வற்புறுத்தலில் கடன் எடுத்து வாங்கியவர்கள் என்று எங்கள் தெருவிலேயே இரண்டு வகையும் இருந்தார்கள். இரண்டு வகையினரிடமும் தரகு வசூலானது.

இப்போது நான் எப்படி வைத்திருக்கிறேன் என்று கேட்பவர்களுக்குச் சொல்வது இது. அச்சகத்தின் ஆறு மாதச் செலவு பங்குக்குப் பக்கத்திலேயே போவதில்லை. அதில் ஒரு பகுதி வங்கியில், ஒரு பகுதி 91 நாள் திறைசேரி உண்டியலில், அதாவது அரசுக்குக் கொடுக்கும் குறுகிய காலக் கடனில். 2022இல் அந்த உண்டியல்களுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி போனது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதிர்வதால், வட்டி ஏறும்போது ஏறிய வட்டிக்குத் திரும்பப் போட முடிந்தது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோதும் வங்கி வைப்புகளிலும் தனிநபர் கையிலிருந்த உண்டியல்களிலும் கை வைக்கவில்லை. அதற்காக எல்லாவற்றையும் வைப்பிலேயே போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டபோது 6 சதவீத வைப்பு என்ன ஆனது என்பது நமக்குத் தெரியும். ஐந்து வருடத்துக்குத் தொடத் தேவையில்லாத பணத்தில் மாதா மாதம் கொஞ்சமாக, பல துறைப் பங்குகளிலோ, பலரின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் யூனிட் டிரஸ்டிலோ, சொந்தக் காசில் மட்டும் வாங்குகிறேன். விலை விழுந்த மாதமும் அதே தொகைதான்.

நிதிக் கம்பனியில் வைப்புப் போடுபவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் ரூபாய் வரைதான், அதுவும் மத்திய வங்கியின் அனுமதி பெற்ற இடமாக இருந்தால். 2008இல் கோல்டன் கீ என்ற கம்பனி கவிழ்ந்தபோது பணம் போட்டிருந்த எத்தனையோ பேர், அது வைப்பு எடுக்க அனுமதியே இல்லாத இடம் என்று அதற்குப் பிறகுதான் அறிந்தார்கள்.

பங்குக் கணக்கு ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இந்த வாரமே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, கணக்குத் திறந்த படிவத்தின் பிரதியைக் கேளுங்கள். முதலீட்டு நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் சொன்னது அங்கே இல்லை என்றால் எழுத்தில் திருத்தச் சொல்லுங்கள். மத்திய வைப்பகத்தின் மாதாந்தக் கூற்றை எடுத்து, போன வருடம் எத்தனை முறை வாங்கி விற்றிருக்கிறது என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் 1.12 சதவீதம் போட்டுக் கூட்டிப் பாருங்கள். கட்டளைகளை நிறுவனத்தின் பதிவாகும் தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ மட்டும் கொடுங்கள். ஆலோசகர் சொந்த போனில் அழைத்தால் "அலுவலக நம்பரில் எடுங்கோ தம்பி" என்று சொல்லி வைத்துவிடுங்கள். மார்ஜின் ஒப்பந்தம் ஏற்கெனவே இருந்தால் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: இன்றைய வட்டி வீதம் என்ன, எந்த மட்டத்தில் என்னைக் கேட்காமல் விற்பீர்கள். ஆங்கிலம் வாசிக்கச் சிரமமாக இருந்தால் தமிழில் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். பதில் தராமல் இழுத்தடித்தால், அந்த இழுத்தடிப்பையும் திகதியோடு குறித்து முறைப்பாட்டில் சேருங்கள். என் கடிதங்களில் அவர்கள் கடைசிவரை மறுக்க முடியாமல் போனது அந்தத் திகதிகளைத்தான்.