சருகுக்குத் தீ: தடையா, நேர வரம்பா, வண்டியா, குழியா?

காவிரிப் படுகையில் மாசி பிறந்தால் வேம்பும் புங்கையும் இலையுதிர்க்கத் தொடங்கிவிடும். வாசல் பெருக்கிக் கோலம் போடும் கையோடு தெருமுனைக் குவியலுக்குத் தீயும் வைத்துவிடுகிறார்கள். நெல் அவிக்கவும் வெந்நீர் போடவும் சருகைக் கோணியில் சேர்த்து வைத்த வீடுகளில் கேஸ் அடுப்பு வந்த பிறகு, அடுப்புக்குப் போன சருகுக்குத் தெருவைத் தவிர வேறு போக்கிடம் இல்லாமல் போயிற்று. இந்தத் தீயை ஒழுங்குபடுத்த உள்ளாட்சிகளின் முன் நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, தடையும் அபராதமும். இதற்குப் புதிதாகச் சட்டம் தேவையில்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தெருவிலும் பொது இடத்திலும் குப்பையை எரிப்பதைத் தடுத்ததோடு, தோட்டக் கழிவை வீட்டு வளாகத்திலேயே தனியாகச் சேர்த்து, உள்ளாட்சி சொல்லும் முறைப்படி அப்புறப்படுத்தவும் சொல்லின. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பை எரிப்போருக்கு 5,000 ரூபாயும் பெருமளவில் எரிப்போருக்கு 25,000 ரூபாயும் விதிக்க உத்தரவிட்டது. ஆனால் ஒரு கூடைச் சருகுக்காக ஒரு மூதாட்டியிடம் 5,000 ரூபாய் கேட்க எந்த அதிகாரிக்கும் மனம் வராது. அபராதத்துக்கு அஞ்சுகிறவர்களோ சருகை வாய்க்காலில் தள்ளிவிடுகிறார்கள். அது ஐப்பசி மழையில் மதகை அடைத்துத் தெருவுக்குள் தண்ணீரை ஏற்றுகிறது.

நேர வரம்போடு அனுமதிப்பது இரண்டாவது வழி. தீர்ப்பாய உத்தரவுக்குப் பின் இதற்கு இடமே இல்லை. இடம் இருந்தாலும் இங்கே பொருந்தாது: நம் ஊர்களில் எரிக்கும் வழக்கம் விடியற்காலையில்தான், மூடுபனி புகையை மேலெழ விடாமல் தரையோடு அழுத்தி வைக்கும் நேரமும் அதுதான். குவியலின் மேற்பரப்பு காய்ந்திருக்க, அடியில் பனியில் நனைந்த பூவரசு இலை சுடர்விட்டு எரியாமல் மணிக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். நடுவில் சிக்கிய மாத்திரை அட்டையும் பால் பாக்கெட்டும் அந்தப் புகையை நஞ்சாக்கும்.

மூன்றாவது, வாரத்தில் ஒரு நாள் தனி வண்டி அனுப்பிச் சருகைச் சேகரித்து உரக்கூடத்துக்குக் கொண்டுபோவது. இதில் செலவு உண்டு. வண்டி நிறைந்தாலும் எடை சொற்பமே என்பதால், அரைக்கும் இயந்திரம் இல்லாவிட்டால் இடம் போதாது. ஆயினும் நகரங்களுக்கு இதுவே சரி என்பது என் உறுதியான கருத்து. காரணம் உரக்கூடத்துக்குள்ளேயே இருக்கிறது. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு இலையும் காய்கறிச் சந்தைக் கழிவும் மட்டும் விழும் தொட்டியில் ஈரம் மிகுந்து, காற்றுப் புகாமல் நாற்றமெடுத்து, அக்கம்பக்கத்தார் உரக்கூடமே வேண்டாம் என்று மனுக் கொடுக்கிறார்கள். குப்பை நன்றாக மட்க, ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் வேண்டும். காய்கறிக் கழிவில் அது குறைவு, காய்ந்த இலையில் 40 பங்குக்கும் மேல். ஒரு அடுக்கு காய்கறிக் கழிவு, அதன்மேல் ஒரு அடுக்கு அரைத்த சருகு, கொஞ்சம் சாணக் கரைசல் என்று போட்டால் தண்ணீர் வடிவது நின்று, நாற்றமும் தணியும். உரக்கூடத்துக்கு இல்லாமல் தவிக்கும் பொருளைத்தான் நாம் தெருமுனையில் கொளுத்துகிறோம்.

நான்காவது வழியான வீட்டுக் குழியும் (சருகைக் குழியில் மட்க விடுவது) மூடாக்கும் (அதை மண்மேல் போர்வையாகப் பரப்புவது) கொல்லை உள்ள கிராமங்களுக்கே ஏற்றவை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஒரு மரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 மட்டைகளை உதிர்க்கிறது; கீற்றுப் பின்னியது போக மிஞ்சுவதை நறுக்கி மரத்தடியில் பரப்பினால், ஆற்றில் தண்ணீர் வராத கோடையில் மண்ணின் ஈரம் காக்கப்படும். அடுக்குமாடிக்கும் ஒட்டுவீட்டு வரிசைக்கும் இதைச் சொல்லிப் பயனில்லை.

ஆகவே கிராம ஊராட்சிகளுக்குக் குழி, நகரங்களுக்கு வண்டி. இவை நடைமுறைக்கு வந்த பிறகே தடைக்கு வலு கிடைக்கும். மாசிக்கு முன்பே எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை வண்டி வரும் என்பதை அறிவித்து, சொன்ன நாளில் வண்டியும் வந்தால், அதன் பின் எரிப்பவரிடம் அபராதம் கேட்பதில் நியாயம் இருக்கும். முதல் நோட்டீஸோ, கிடங்கு தொலைவு என்று பெருக்கிய சருகைத் தெருவிலேயே கொளுத்தச் சொல்லும் துப்புரவு ஒப்பந்ததாரருக்குத்தான் போக வேண்டும். அவர் சொல்லைத் தட்ட முடியாமல் தீ வைத்துப் புகையில் நிற்கும் தூய்மைப் பணியாளர் மீது அது விழக்கூடாது.