குண்டு போடுதல்: ஓப்ரைன் முறையா, சுழற்சி முறையா?

முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி தொடங்கினால் போதும், அமெரிக்கக் குண்டு வீரர் ரையன் குரூசரின் காணொளியைப் பார்த்துவிட்டு மணலில் சுற்றிப் பழகும் பிள்ளைகளை மட்டக்களப்பு, கல்முனைப் பக்க மைதானங்களில் காணலாம். குரூசர் 2023இல் 23.56 மீற்றர் போட்டது சுழன்றுதான். ஆனால் 1988இல் உல்ஃப் டிம்மர்மான் சுழலாமல், முதுகு காட்டி நின்று நேராக வழுக்கி வரும் ஓப்ரைன் முறையில் 23.06 மீற்றர் போட்டார். ராண்டி பார்ன்ஸ் 1990இல் சுழன்று போட்டு அதை முந்தியது வெறும் 6 சென்ரிமீற்றரால். எனவே முறை மட்டும் தூரத்தைக் கொண்டுவந்து தராது. எங்கள் மைதானங்களில் முக்கால்வாசி முடிவைச் சொல்வது காலடித் தரை.

முதலில் கணக்கு. குண்டு கையை விட்டுப் பிரியும் உயரம் 2 மீற்றர், கோணம் 37 பாகை, வேகம் செக்கனுக்கு 10 மீற்றர் என்றால் அது ஏறத்தாழ 11.97 மீற்றரில் விழும். கோணத்தை மட்டும் 42 பாகையாக்கினால் கூடுவது 4 சென்ரிமீற்றர். உயரத்தை 10 சென்ரிமீற்றர் கூட்டினால் கூடுவது ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர். வேகத்தை 10.5 ஆக்கிப் பாருங்கள்: 13 மீற்றர்! "மேலே போடு, மேலே போடு" என்று கத்துவதில் பெரிய பலன் இல்லை. கோணம் கூடக்கூடக் கை தள்ளும் வேகம் குறைவதால், நல்ல வீரர்களே 45 பாகைக்குக் கீழேதான் விடுகிறார்கள். இரண்டு முறைகளையும் வேகத்தை எப்படி ஈட்டுகின்றன என்பதை வைத்தே ஒப்பிட வேண்டும்.

ஓப்ரைன் முறையில் வலக்கைக்காரர் போடும் திசைக்கு முதுகு காட்டி, வட்டத்தின் பின்விளிம்பில் வலக்காலில் நின்று குனிகிறார். இடக்கால் வட்டத்தின் முன்விளிம்பிலுள்ள தடுப்புப் பலகையை நோக்கி உதைக்க, வலக்கால் தரையை ஒட்டியபடி நடுவட்டத்துக்கு இழுபட்டு வருகிறது. வரும்போதே பாதம் 45 பாகையாவது திரும்பியிருக்க வேண்டும். இடக்கால் பலகையருகே கிட்டத்தட்ட அதே நேரத்தில் ஊன்ற வேண்டும். அந்தக் கணத்தில் இடுப்பு திரும்பத் தொடங்கினாலும் தோள்கள் பின்பக்கம் பார்த்தபடியே இருக்கும். இந்த முறுக்கில்தான் வேகம் பிறக்கிறது. கோல்ப் அடியிலும் ஈட்டி எறிதலிலும் இதே வரிசைதான்: கால், இடுப்பு, நெஞ்சு, கடைசியில் கை. இடக்கால் விறைத்து நின்று உடலின் ஓட்டத்தை மறிக்கும்போது அந்த வேகம் மேலே, குண்டுக்கு ஏறுகிறது.

வழக்கமான பிழைகள் மூன்று. வழுக்காமல் மேலே துள்ளுவது: உயர்ந்த உடல் மறுபடி இறங்கும்வரை குண்டு வீணாகக் காத்திருக்கும். வலப்பாதம் திரும்பாமல் பின்னோக்கியே ஊன்றுவது: இடுப்பு பூட்டிக்கொள்ளும். மூன்றாவதே பெரிய பிழை. இடக்கையைச் சீக்கிரம் வீசித் தோளைத் திறந்துவிட்டால் முறுக்கு முழுவதும் போய், கை மட்டும் தள்ளும்.

சுழற்சி முறையில் பின்விளிம்பில் இரு கால்களையும் தோள் அகலத்துக்கு வைத்து, நிறையை இடக்காலுக்கு மாற்றி, அதன் முன்பாதத்தில் திரும்ப வேண்டும். வலக்கால் அகலமாகச் சுற்றி வந்து நடுவட்டத்தில் ஊன்றும். அகலமாக வீசிய காலை உள்ளே இழுக்கும்போது உடல் வேகமாகச் சுழலும். ஊன்றிய வலப்பாதம் ஒரு கணமும் நிற்காமல் திரும்பிக்கொண்டிருக்க, இடக்கால் விரைந்து பலகைக்கு வர வேண்டும். நடுவட்டத்தில் குண்டின் வேகம் குறைவது பிழையல்ல. அந்நேரம் இடுப்பு தோளை முந்தி ஓடுகிறது, முறுக்கு ஓப்ரைன் முறையைவிடக் கூடுகிறது.

அந்த இலாபத்துக்கு விலை உண்டு. 4 கிலோ குண்டு 40 சென்ரிமீற்றர் ஆரையில் செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் சுழன்றால், அதைக் கழுத்தோடு பிடித்து வைக்கவே 40 நியூற்றன் விசை வேண்டும். அது குண்டின் நிறைக்குச் சமம். முழங்கை தளர்ந்து குண்டு கழுத்தைவிட்டு இறங்கினால் அந்த முயற்சி செல்லாது. தொடக்கத்தில் இடக்காலில் நிலைக்காமல் சாய்ந்தால் ஓட்டம் பக்கவாட்டில் போகும். குண்டு விழ வேண்டிய பரப்பின் கோணம் 34.92 பாகைதான், வட்ட மையத்திலிருந்து 12 மீற்றரில் அதன் அகலம் 7.2 மீற்றர். இடக்கால் பிந்தினால் மறிக்க ஒன்றுமில்லாமல் ஆளும் பலகைக்கு மேலால் போய்விடுவார்.

இனித் தரை. காத்தான்குடி முதல் அக்கரைப்பற்று வரை கரையோர மைதானங்கள் பெரும்பாலும் மணல். சுண்ணாம்பால் வட்டம் கீறிப் போடுவார்கள். மணலில் முன்பாதம் திரும்பும்போது குழி விழும், பாதம் புதையும், முழங்கால் மட்டும் முறுகும். நாலைந்து முயற்சிக்குள் வட்டமே உழுத வயலாகிவிடும். அங்கே சுழற்சி முறை வேண்டவே வேண்டாம். ஓப்ரைன் முறையிலும் இழுபடும் கால் மணலில் சிக்கும். இழுப்பதற்குப் பதிலாகத் தாழ்வான பக்க அடியாக எடுத்து வைக்கலாம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் களிமண் காய்ந்திருந்தால் பரவாயில்லை, மழை கண்டால் வழுக்கும்.

கொங்கிரீட் வட்டம் கிடைத்தால் கதை வேறு. உள்விட்டம் 2.135 மீற்றர், தளம் விளிம்பைவிட 2 சென்ரிமீற்றரளவு தாழ்வு. மேசன் கண்ணாடி மாதிரித் தேய்த்துத் தந்தால் மறுத்துவிடுங்கள். ஈரம் காயுமுன் தும்புத்தடியால் லேசாக ஒரு இழுவை போதும். மிகச் சொரசொரப்பானாலும் பாதம் திரும்பாது.

நெட்டையான, பலமான, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பயிற்சிக்கு வரும் பிள்ளைக்கு ஓப்ரைன் முறை. குட்டையான, கால் வேகமான, தட்டெறிதலும் பழகும் பிள்ளைக்குக் கொங்கிரீட் வட்டமும் ஒரு முழு ஆண்டும் இருந்தால் சுழற்சி முறை. போட்டிக்கு ஒரு மாதம் இருக்கையில் முறை மாற்றுவது வீண்வேலை. சந்தேகமானால் நின்றபடி ஐந்து தடவையும் முழு அசைவோடு ஐந்து தடவையும் போடவிட்டு அளந்து பாருங்கள். இரண்டுக்கும் அரை மீற்றர்கூட வித்தியாசம் இல்லையென்றால், எந்த முறையானாலும் கால்வேலை குண்டுக்குப் போய்ச் சேரவில்லை. சில கிழமைகளுக்குக் குண்டை வைத்துவிட்டு, வெறுங்கையோடு வலப்பாதம் ஊன்றித் திரும்புவதை மட்டும் பழக்குங்கள்.