புதுப்பித்த ஆர்எக்ஸ் 100: பெங்களூரில் ஓட்டிப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டிகளை வாங்கி, எஞ்சினை இறக்கிப் பிரித்துப் பூட்டி, வண்ணம் அடித்து மறுபடியும் விற்கும் பட்டறைகள் பெங்களூரில் நிறைய இருக்கின்றன. வில்சன் கார்டன் பக்கத்தில் அப்படி ஒரு பட்டறையில் நான் வாங்கிய, 1994-இல் பதிவான வண்டியைப் பற்றியது இந்த மதிப்பீடு. விலை ஒன்றரை லட்சம் ரூபாயை ஒட்டி வந்தது. அந்தத் தொகைக்குப் புதிய ஸ்பிளெண்டர் ஒன்றையே வாங்கி மீதியும் வைத்துக்கொள்ளலாம் என்பதால், இந்த விலைக்கு உண்மையில் கைக்கு வருவது என்ன என்று பார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டில் ஸ்பிளெண்டர் ஒன்றும் நிற்பதால், அல்சூரிலிருந்து அலுவலகம் வரையிலான அதே சாலையில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க முடிந்தது. நல்லதோடு குறைகளையும் சொல்லப்போவதால் பட்டறையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இந்த இரண்டு வண்டிகளையும் ஒப்பிடுவதில் ஒரு வசதி உண்டு. ஆர்எக்ஸின் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50 மில்லிமீட்டர். ஸ்பிளெண்டரில் விட்டம் அதே 50, தூரம் 49.5. ஆக, 98 சிசிக்கு எதிரே 97.2 சிசி; இரண்டு சிலிண்டர்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உள்ளளவில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஆர்எக்ஸ் நிமிடத்துக்கு 7500 சுற்றில் 11 குதிரைத்திறன் தருகிறது. ஸ்பிளெண்டர் ஏறக்குறைய 8 தருகிறது. எடையில் ஆர்எக்ஸ் நூறு கிலோவை ஒட்டி நிற்கிறது. ஸ்பிளெண்டர் 112 கிலோ.

காரணம், ஆர்எக்ஸ் டூ-ஸ்ட்ரோக், ஸ்பிளெண்டர் ஃபோர்-ஸ்ட்ரோக். டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை எரிகிறது. ஃபோர்-ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிகிறது. அப்படியானால் திறன் இரு மடங்காக அல்லவா இருக்க வேண்டும் என்ற கேள்வி எழும். இருக்காது. எரிந்த புகை வெளியேறும் வழியும் புதிய பெட்ரோல் கலவை உள்ளே வரும் வழியும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால், புகையைத் தள்ளிக்கொண்டு வரும் புதிய கலவையில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாக வெளியே போய்விடுகிறது. சைலன்சரின் உள்வடிவம் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி அந்தக் கலவையில் கொஞ்சத்தை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட சுற்று வேகத்தில்தான் சரியாக நடக்கும். ஆர்எக்ஸ் ஓட்டியவர்கள் எல்லோரும் சொல்லும் அந்த திடீர்ப் பாய்ச்சல் அந்தச் சுற்றுக்கு வந்ததும் கிடைப்பது. அதற்குக் கீழே இந்த எஞ்சின் சற்றுச் சோம்பலாகவே இருக்கும்.

எடை குறைவுக்கான காரணமும் இதே அமைப்பில் இருக்கிறது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் அந்த வழிகளைத் திறந்து மூடும் வால்வு, கேம்ஷாஃப்ட், டைமிங் செயின், ராக்கர் எதுவும் இதில் இல்லை. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கிறது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் உள்ளதுபோல எஞ்சினை நனைத்துக்கொண்டிருக்கும் ஒரு லிட்டரை ஒட்டிய ஆயிலும் இல்லை; கிராங்கும் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) பிஸ்டனும் பெட்ரோலோடு வரும் ஆயிலில் நனைந்து, அந்த ஆயில் எரிந்து போகிறது. கியர்பாக்ஸுக்கு மட்டும் தனி ஆயில். சிலிண்டருக்கு மேலே ஹெட் என்று இருப்பது விசிறி மடிப்புகள் கொண்ட ஒரு அலுமினிய மூடிதான், ஒரு கையால் தூக்கிவிடலாம்.

இனி என் கணக்கு. ஓட்டுபவர் எடை 70 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஆர்எக்ஸில் ஒரு குதிரைத்திறன் இழுக்க வேண்டியது 15.5 கிலோ, ஸ்பிளெண்டரில் அது 23 கிலோவை நெருங்குகிறது. பின்னால் இன்னொருவர் ஏறினால் ஆர்எக்ஸின் கணக்கு 22-ஐ நெருங்கும். அதாவது, இரண்டு பேர் ஏறிய ஆர்எக்ஸும் ஒருவர் மட்டும் ஓட்டும் ஸ்பிளெண்டரும் கிட்டத்தட்டச் சமம். நானும் மனைவியும் ரிச்மண்ட் ரோடு மேம்பாலத்தில் ஏறும்போது இது நன்றாகவே தெரிகிறது. ஆனால் இதில் எடையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். ஆர்எக்ஸின் மேல் அந்த 12 கிலோவைக் கூடுதலாகக் கட்டிவைத்தாலும், தனியாக ஓட்டும்போது 15.5 என்பது 16.5 ஆகும், அவ்வளவுதான். மிச்சம் முழுவதும் எஞ்சினின் திறன். “வண்டி வெயிட்டே இல்லை, அதனால்தான் பறக்கிறது” என்று இருபது வருடமாகக் கேட்டுவருகிறோம். அது பாதிதான் உண்மை. எடை குறைவை நான் உணர்ந்தது வேகத்தில் அல்ல. நெருக்கமான பார்க்கிங்கில் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்தும்போதும், சென்டர் ஸ்டாண்ட் போடும்போதும், குழி தவிர்க்கச் சட்டென ஒடிக்கும்போதும்தான்.

எடை மட்டுமே முடிவைத் தீர்மானிக்கும் வண்டி வேறு ஒன்று இருக்கிறது: பனியில் ஓடும் ஸ்னோமொபைல். தார்ச்சாலை எவ்வளவு எடையையும் தாங்கும். இறுகாத புதுப்பனி தாங்காது. எடை கூடினால் வண்டி புதைகிறது, பின்னால் சுழலும் பட்டை பள்ளம் பறிக்கிறது, ஓட்டுபவர் இறங்கி மண்வெட்டி எடுக்க வேண்டியதுதான். ஆர்எக்ஸைத் தந்த அதே யமஹா, 2003 மாடலாக ஆர்எக்ஸ்-1 என்ற ஸ்னோமொபைலை வெளியிட்டது. ஆர்1 பைக்கின் எஞ்சினிலிருந்து உருவான 998 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் அது. இறுக்கிய பனிப்பாதையில் நீண்ட தூரம் போகிறவர்களுக்கு அது நன்றாகவே பொருந்தியது. ஆழமான மலைப்பனியில் ஏறுகிறவர்கள் மட்டும் டூ-ஸ்ட்ரோக்கை விடவில்லை. ஸ்கி-டூ நிறுவனத்தின் 850 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் 165 குதிரைத்திறன் தருகிறது. அந்த மலை வண்டிகளின் உலர் எடை (பெட்ரோல், ஆயில் ஊற்றாத எடை) 200 கிலோவை ஒட்டித்தான் இருக்கிறது. ஸ்னோமொபைல் தொழிலிலிருந்தே விலகுவதாக யமஹா 2023-இல் அறிவித்து, 2025 மாடலோடு நிறுத்திக்கொண்டது. எடை ஒன்றே அதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அங்கே பிழைத்திருக்கும் டூ-ஸ்ட்ரோக் நம் ஆர்எக்ஸின் டூ-ஸ்ட்ரோக் அல்ல. அதில் பெட்ரோல் கார்புரேட்டர் வழியாக வருவதில்லை. நேரடியாக எரியறைக்குள் பீய்ச்சப்படுகிறது. உள்ளே வந்து துடைத்துச் செல்வது வெறும் காற்று என்பதால் எரியாத பெட்ரோல் வீணாவது பெருமளவு குறைகிறது. ஆயிலையும் மின்னணுக் கட்டுப்பாடுதான் அளந்து விடுகிறது. நம் ஊரில் அந்த நிலைக்கு வருமுன்பே நூறு சிசி டூ-ஸ்ட்ரோக்கின் காலம் முடிந்துவிட்டது. 1985-இல் வந்த ஆர்எக்ஸ் 100-இன் தயாரிப்பு 1996-இல் நின்றது. ஆகவே இன்று நாம் வாங்குவது, கார்புரேட்டர் காலத்து எஞ்சினை அதன் எல்லாக் குணங்களோடும்தான்.

அந்தக் குணங்களுள் முதலாவது பெட்ரோல். நகருக்குள் என் ஆர்எக்ஸ் லிட்டருக்கு 38 கிலோமீட்டர் வரை தருகிறது. ஸ்பிளெண்டர் அதே நெரிசலில் 60-ஐத் தாண்டுகிறது. இதோடு, பெட்ரோலோடு சேர்ந்து எரியும் டூ-டி ஆயில் செலவையும் சேர்க்க வேண்டும். அடுத்தது எஞ்சின் பிரேக்கிங் இல்லாதது. ஆக்ஸிலேட்டரை மூடினால் ஸ்பிளெண்டர் தானே தயங்கும். ஆர்எக்ஸ் தயங்காது, உருண்டுகொண்டே போகும். முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். எடை குறைவாக இருப்பது இங்கே கொஞ்சம் கைகொடுக்கிறது என்றாலும், மழைநாளில் ஹோசூர் ரோட்டில் லாரிக்குப் பின்னால் அதை நம்பி இடைவெளியைக் குறைக்க முடியாது.

பட்டறையின் வேலைக்கு வருகிறேன். கிராங்கைப் பிரித்து புதிய கனெக்டிங் ராடும் பேரிங்கும் போட்டு நேர்படுத்தியிருந்தார்கள். அந்த வேலை முதல் தரம். நாலாவது கியரில் கைப்பிடியில் வரும் அதிர்வு, தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிக்கு இருக்கும் அளவுதான் என்பேன். சிலிண்டரை 0.50-க்கு ரீபோர் செய்திருந்தார்கள் (தேய்ந்த உள்சுவரை அரை மில்லிமீட்டர் அகலமாகக் கடைவது), அதுவும் ஒழுங்கு. வண்ணமும் ஸ்டிக்கரும் அருமை. ஆனால் இரண்டு விஷயங்களில் கைவைக்கக் கூடாத இடத்தில் கைவைத்திருந்தார்கள்.

ஒன்று, எஞ்சினுக்கு ஆயிலைத் தானே அளந்து விடும் ஆட்டோலூப் பம்பைக் கழற்றி அடைத்துவிட்டு, பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலந்து ஊற்றச் சொன்னார்கள். பல மெக்கானிக்குகள் இதைச் செய்கிறார்கள். பம்ப் பழுதானால் ஆயில் இல்லாமல் பிஸ்டன் சிலிண்டருக்குள் பிடித்துக்கொள்ளும் என்ற பயம் நியாயமானதே. ஆனால் அந்தப் பம்ப் எஞ்சினின் சுற்றையும் ஆக்ஸிலேட்டர் திறப்பையும் பார்த்து ஆயிலைக் கூட்டிக் குறைப்பது. மெதுவாகப் போகும்போது குறைவாக விடும்; அதனால் புகையும் பிளக்கில் கரியும் குறையும். கலந்து ஊற்றினால் எப்போதும் ஒரே அளவுதான். சில்க் போர்டு சந்திப்பில் நின்று நகரும் வண்டிக்கு அது கூடுதல். நந்தி மலையிலிருந்து ஆக்ஸிலேட்டரை மூடியபடி இறங்கும் வண்டிக்கு அது குறைவு, ஏனென்றால் பெட்ரோல் போகாவிட்டால் ஆயிலும் போகாது. பம்ப் இருந்தாலும் அந்த இறக்கத்தில் அவ்வப்போது ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் திறந்துவிடுவது நல்லது. நான் வற்புறுத்திய பிறகு பம்பைத் திரும்ப மாட்டித் தந்தார்கள். அதற்குத் தனியாகப் பணம் கேட்டதுதான் பிடிக்கவில்லை.

இரண்டாவது, சத்தத்துக்காகப் போடப்பட்டிருந்த வெளிச்சந்தை சைலன்சர். மேலே சொன்ன அழுத்த அலை சைலன்சரின் நீளத்தையும் வடிவத்தையும் நம்பி நடப்பது. உள்ளே தடுப்புக் குழாய் இல்லாத இந்தச் சைலன்சரில் சத்தம் இருந்தது, கீழ்ச்சுற்றில் இழுவை இல்லை. போக்குவரத்துக் காவலர் கண்ணில் பட்டால் அபராதம் வேறு. பழைய சைலன்சரை வாங்கி, கரியைச் சுட்டு எடுத்து மாட்டியதும் இரண்டாவது கியரிலேயே வித்தியாசம் தெரிந்தது.

வாங்கிய சில வாரங்களில் இன்னொரு சிக்கலும் வந்தது. குளிர்ந்திருக்கும்போது ஐடிலிங் சரியாக இருக்கும். சூடானதும் தானாகவே ரேஸ் ஏறி இறங்கும். பட்டறையில் இருந்த திருப்பத்தூர்க்கார அண்ணன் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. கிராங்கின் ஒரு முனையில் மின்சாரம் தரும் மேக்னெட் பக்க மூடியைக் கழற்றி, காயிலுக்குப் பின்னால் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். விரல் நுனியில் கறுப்பாக எண்ணெய்ப் பசை. “சீல் காத்து விடுது சார். இப்படியே ஓட்டினா பிஸ்டன் பிடிச்சுக்கும்” என்றார். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறையும் கலவையை உறிஞ்சித் தள்ளும் ஒரு பம்பாகவே இயங்குவதால், அந்த ஆயில் சீலில் கீறல் விழுந்தால் வெளிக்காற்று உள்ளே போய்க் கலவை மெலிந்து எஞ்சின் கொதிக்கும். மறுபக்கம், கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் சீல் கசிந்தால் தரையில் ஒரு சொட்டு ஆயில் விழும், அதோடு போகும். இங்கே எஞ்சினே போகும். கிராங்க் வேலையின்போதே மாற்றியிருக்க வேண்டிய சீல் அது. இந்த முறை காசு வாங்காமல் இரண்டு பக்கமும் மாற்றித் தந்தார்கள்.

கடலோர ஊர்களிலிருந்து வண்டி வாங்கி வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் சென்னையில் சரியாக ஓடிய ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) இங்கே பெட்ரோலைக் கூடுதலாக விடும். ஒரு அளவு சிறிய ஜெட் போட்டால் பிளக் நிறம், கலவை சரி என்பதைக் காட்டும் பழுப்புக்கு வரும். திறனில் பத்தில் ஒரு பங்கு குறைவதை ஜெட் மாற்றித் திரும்பப் பெற முடியாது. குல்மார்க்கின் 2650 மீட்டரில் ஓடும் ஸ்னோமொபைலுக்கு, டர்போ இல்லையென்றால், இது இன்னும் கடுமை.

புகைச் சோதனையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2000 மார்ச்சுக்கு முன் தயாரான இருசக்கர வண்டிகளுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்ஸைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9000 பிபிஎம் வரை அனுமதி உண்டு. பம்பும் சைலன்சரும் சரியாக இருந்த பிறகு என் வண்டி சிரமமில்லாமல் தேறியது. சட்டம் விடுகிறது என்பதால் பின்னால் வருகிறவர் மூச்சுக்கு அது நல்லது என்று ஆகிவிடாது. அதனால்தான் தினசரி அலுவலகப் பயணத்தை ஸ்பிளெண்டருக்கே விட்டுவிட்டேன். ஞாயிறு காலையில் மட்டும் ஆர்எக்ஸ். தினமும் ஓட்ட ஒரே ஒரு வண்டி வாங்குகிறவருக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை.

இரண்டாவது வண்டியாக வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் சிலவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆர்சியில் உள்ள எஞ்சின் எண்ணும் கிராங்க் கேஸில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பதினைந்து ஆண்டு முடிந்த வண்டி என்பதால் பதிவு புதுப்பிக்கப்பட்டதா, புதுப்பித்த ஐந்தாண்டில் எவ்வளவு மீதி என்பதும் முக்கியம். ஜே.சி. ரோடு கடைகளில் ‘ஒரிஜினல்’ என்று நீட்டப்படும் பிஸ்டன்களில் தரம் கடைக்குக் கடை மாறுகிறது, ஆகவே எந்தப் பிஸ்டன் போட்டார்கள் என்று பெட்டியோடு காட்டச் சொல்லுங்கள். ரீபோர் அளவை ரசீதில் எழுதி வாங்குவது எல்லாவற்றையும்விட அவசியம். 1.00-க்கு வந்துவிட்ட சிலிண்டர் என்றால் அடுத்த முறை ஸ்லீவ் (சிலிண்டருக்குள் புதிய உள்ளுறை) போடுவதைத் தவிர வழியில்லை, விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேட்கலாம். என்னுடையது 0.50-இல் இருப்பதால் 0.75, 1.00 என்று இன்னும் இரண்டு ரீபோருக்கு இடம் இருக்கிறது.