சவரக்கத்தி செற்: கத்தி வடிவு, கூர் எங்க?

பெட்டியைப் பாத்தா ஒரு குறையும் சொல்லேலாது. கறுப்புப் பெட்டி, உள்ளுக்கு வெல்வெற், மரப்பிடி போட்ட மடக்குச் சவரக்கத்தி ஒண்டு, தோல் ஸ்ட்ரொப் (கூரை நேராக்கக் கத்தியை இழுக்கிற வார்) ஒண்டு, பிறஸ், கிண்ணம், வட்டச் சவர்க்காரம், சின்னச் சீனாக்காரக் கட்டி. புதுசாத் தொடங்குறவைக்கு எல்லாம் ஒண்டாக் கிடைக்கும் எண்டு போட்டு ஒன்லைன்ல விக்கினம், கிளிநொச்சிக்கு கூரியர்ல வந்து சேர்ந்தது. கடையின்ர பேர் போடேல்லை, ஏனெண்டா இதே செற் வேற வேற பேர்ல வேற வேற பக்கத்தில கிடக்கு, ஒரு கடையைத் திட்டி வேலையில்லை. சவரக்கத்தி வாங்கேக்க நீங்கள் காசு குடுக்கிறது கூருக்குத்தான், இந்தச் செற்றில அந்தக் கூர்தான் இல்லை. மிச்சம் எல்லாம் இருக்கு.

பெட்டியில 'சேவ் ரெடி', அதாவது தீட்டாமலே வழிக்கலாம், எண்டு பெரிசா எழுதியிருக்கு. கத்தியை விரிச்சு, வெட்டுற வாய் மேல பாக்க வச்சு, போன் லைற்றை நேர அடிச்சுப் பாத்தன். நல்ல கூர் எண்டா வாய் கண்ணுக்கே தெரியக்கூடாது, வெளிச்சம் பட்டுத் திரும்பிறதுக்கு அங்க இடமே இருக்காது. இதில நுனியில இருந்து அடி மட்டும் வெள்ளிக் கம்பி இழுத்தது போல ஒரு கோடு மினுங்குது, நடுவில ரெண்டு இடத்தில கோடு இன்னும் தடிப்பு. கை மயிரில வச்சுப் பாத்தா சிலது வெட்டுப்படுது, சிலது படுத்துக் கிடந்து எழும்புது. அம்மா குசினிக்குள்ள இருந்து எட்டிப் பாத்திட்டு "உனக்கென்ன விசரே, சலூன் பூட்டிப் போட்டாங்களோ" எண்டு கேட்டா, அவவுக்குச் சொல்ல எனக்கு மறுமொழி இல்லை.

இதைக் கொண்டுபோய் கரடிப்போக்குப் பக்கம் சலூன் வச்சிருக்கிற ஒரு வயசான ஐயாட்டக் காட்டினன். அவர் பெருவிரலைக் குறுக்கால மெல்லமா வச்சுப் பாத்திட்டு "தம்பி, இதால மாங்காயும் வெட்டேலாது" எண்டார். முந்தி அவரும் இந்த மடக்குக் கத்தியாலதானாம் எல்லாருக்கும் வழிச்சவர், பேந்து நோய் தொத்திற பயத்தில எல்லாரும் அரைப் பிளேட்டுக்கு மாறிட்டினம், பேப்பரோட சேத்து மடிச்சு டக்கெண்டு முறிச்சு, அரைவாசியைப் பிடியில போட்டு, ஆள் எழும்பினவுடன எறியிறது. அது சரியான முறைதான், நூறு தாடி வழிக்கிற இடத்தில மடக்குக் கத்தி வேண்டாம். ஆனா வீட்டில ஒரு ஆள் தன்ர முகத்துக்குப் பாவிக்கிறது வேற கதை. ஐயான்ர தகரப் பெட்டிக்குள்ள எண்ணெய்த் துணி சுத்தின பழைய கத்தி ஒண்டு கிடந்தது, வாலில சொலிங்கன் எண்டு அடிச்சிருக்கு. ஜேர்மனியில கத்திக்குப் பேர்போன ஊர் அது. இங்கிலாந்தில செபீல்ட் மாதிரி. அவர் அதை வாரில நாலு இழுவை இழுத்துப்போட்டு என்ர கை மயிரில வச்சார், வச்சது தெரிஞ்சது, வழிச்சது தெரியேல்லை. அதுக்குப் பிறகு செற்றோட வந்த கத்தியைப் பாக்கவே மனம் வரேல்லை.

இனி இதைத் தீட்டலாமோ எண்டா, தீட்டலாம், இரும்பு மோசமில்லை. ஆனா வன்னியில இதைத் தீட்டித் தர ஆள் தேடுறதுதான் பெரிய பாடு. ஹாட்வெயார் கடையில இருக்கிற கல்லு கத்தி, மண்வெட்டிக்குக் காணும், இதுக்குச் சொரசொரப்புக் கூடிப்போச்சு. சாணைச் சில்லோட வாறவரிட்ட மட்டும் தயவுசெய்து குடுத்திடாதேங்கோ, சில்லுச் சூட்டில இந்த மெல்லிய அலகின்ர பதம் போயிடும், பேந்து எந்தக் கல்லும் உதவாது. வேணும் எண்டா 1000 நம்பர்க் கல்லில (நம்பர் கூடக் கூடக் கல்லு நைசு) வாயைப் பிடிச்சு, 4000, 8000 எண்டு ஏறி, ஏலுமெண்டா 12000ல முடிக்கோணும். நான் கொழும்பில இருந்து வந்த ஒரு சொந்தக்காரர் மூலமா 1000 கல்லும் 4000, 8000 ரெண்டு பக்கமும் உள்ள கல்லும் எடுப்பிச்சன், அதுக்குப் போன காசு செற்றின்ர விலையை விடக் கூட. இதை எந்த விளம்பரத்திலயும் சொல்ல மாட்டாங்கள்.

தீட்டுற முறை உண்மையில கஷ்டமில்லை, பொறுமைதான் வேணும். கத்தியின்ர முதுகும் வாயும் ரெண்டும் ஒரே நேரம் கல்லில படுத்திருக்கோணும், முதுகின்ர தடிப்புத்தான் கோணத்தைத் தருது, நீங்கள் கையால கோணம் பிடிக்கத் தேவையில்லை. முதுகு தேயாமல் இருக்க அதில எலக்ரிக் ரேப் ஒரு சுத்து ஒட்டலாம். கல்லில வாய் முன்னுக்குப் போகோணும், ஸ்ட்ரொப்பில அதுக்கு நேர் எதிர், முதுகு முன்னுக்கு வாய் பின்னுக்கு, மாறி இழுத்தா தோல் வெட்டுப்படும் கூரும் போகும். திருப்பேக்க முதுகு தோலை விட்டு எழும்பக்கூடாது, முதுகிலயே உருட்டித் திருப்போணும். யூரியூப்பில வேகமா சடசடவெண்டு அடிக்கிற ஆக்களைப் பாத்து அதே வேகத்தில தொடங்காதேங்கோ, வேகம் தன்ர பாட்டில வரும்.

செற்றில வந்த ஸ்ட்ரொப் ரெண்டு அங்குல அகலமும் வராது, கட்டையும். கத்தி முழுசாப் படாததால கோணலா இழுக்க வேண்டிக்கிடக்கு. மூண்டு அங்குலம் அகலம் எண்டா நிம்மதி. ஆனா ஒரு விசயம், முதல் ஸ்ட்ரொப்பை எல்லாரும் வெட்டித்தான் பழகுறது, அந்த வகையில இந்த மலிவுச் சாமான் பரவாயில்லை. அதுவும் இல்லாட்டி பழைய பேப்பரை மடிச்சு மட்டமான பலகையில விரிச்சும் இழுக்கலாம், தோல் அளவுக்கு வராது எண்டாலும் வேலை நடக்கும். வழிக்க முதல் ஒவ்வொரு முறையும் ஒரு முப்பது நாப்பது தரம் போய் வரோணும்.

பிறஸ் பண்டி மயிர், தொடக்கத்தில கொஞ்சம் மணக்கும், ஊற வச்சுக் கழுவ மணம் போயிடும், பாவிக்கப் பாவிக்க மெதுவாகும். சவர்க்காரம்தான் சோதிச்சுப் போட்டுது. எங்கட கிணத்துத் தண்ணி கேத்திலில வெள்ளைப் படை பிடிக்கிற தண்ணி, கல்சியம் கூட, அதில எவ்வளவு சுத்தினாலும் நுரை நிண்டு பிடிக்காது, முகத்தில பூசி முடியேக்க அரைவாசி காஞ்சு போய்க் கிடக்கும். காஞ்ச நுரையில சவரக்கத்தி இழுத்தா எரியும். குடிக்க வாங்கிற ஆர்ஓ தண்ணியில ஒரு கப் எடுத்துச் சூடாக்கி அதில அடிச்சன், அதே சவர்க்காரம் தயிர் போல வந்தது. மழைத் தண்ணி பிடிச்சு வச்சிருந்தா இன்னும் நல்லம், காசுமில்லை. ஆகச் சவர்க்காரத்தில பிழையில்லை, தண்ணியிலதான். வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஆக்கள் இதை முதல்ல பாருங்கோ, பேந்து கத்தியைத் திட்டுங்கோ.

வழிக்கிறது பற்றிக் கொஞ்சம். குளிச்ச கையோட செய்யுங்கோ, மயிர் மெதுவா இருக்கும். தொடக்கத்தில கன்னம் ரெண்டும் மட்டும் காணும், மிச்சத்தை வழமையான றேசரால முடியுங்கோ. முகத்துக்கும் கத்திக்கும் நடுவில முப்பது பாகை அளவு, மற்றக் கையால தோலை வடிவா இழுத்துப் பிடிக்கோணும், இதுதான் பாதி வேலை. அமத்தவே கூடாது, கத்தி தன்ர பாரத்தில போகோணும், அமத்த வேண்டி வந்தா கூர் போயிட்டுது எண்டு அர்த்தம். மயிர் போற பக்கமாவே இழுங்கோ, எதிர்ப்பக்கம் பேந்து பாக்கலாம். நாடியும் மேல் சொண்டும் கடைசிப் பாடம், நாடி வளைவில கத்தி எங்க போகுது எண்டு கண்ணாடியில பாத்தும் விளங்காது. சவரக்கத்தியின்ர நுனி வட்டமா இருக்கிறதாப் பாத்து வாங்குங்கோ, கூர் மூலை எண்டா காதடியில கீறும். இந்தச் செற்றில வட்ட நுனி, அதுக்கு ஒரு புள்ளி குடுக்கலாம். சீனாக்காரமும் நல்லது, ஈரமாக்கித் தடவ எரியும், ஆனா சின்ன வெட்டு உடன நிக்கும்.

துரு பற்றி ஒரு சொல்லும் பெட்டியில இல்லை. இது காபன் இரும்பு, ஸ்ரெயின்லெஸ் இல்லை. மாரியில, ஒக்டோபர் தொடங்கிச்செண்டா பாத்றூமில வச்ச கத்தியில கெதியாப் புள்ளி விழும், முல்லைத்தீவுப் பக்கம் கடற்காத்தில கேக்கவே வேண்டாம். துடைச்சு, பிடிக்கு நடுவில இருக்கிற ஈரத்தையும் ரிசுவால எடுத்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி பூசி அறைக்குள்ள வையுங்கோ. தேங்காயெண்ணெய் பூசினா பிசுபிசுத்துப் பிடிக்கும்.

சலூன் சாமான் கடையில அரைப் பிளேட் போடுற பிடி நல்ல மலிவா வாங்கலாம், அதுவே காணும்தானே எண்டு கேப்பியள். சும்மா பாக்க ஆசைப்படுற ஆளெண்டா அதை வாங்குங்கோ, கல்லும் வேண்டாம் வாரும் வேண்டாம். ஆனா அதைப் பிடிச்சுப் பழகினாச் சவரக்கத்தி பழகினதா வராது. அரைப் பிளேட் மெல்லிசு, பாரம் இல்லை, சின்னப் பிழைக்கும் வெட்டும். நல்லாத் தீட்டின மடக்குக் கத்தி அதை விட மன்னிக்கிற சாமான், ஆக்கள் இதை நம்பிறதில்லை.

எனக்குக் காசு திரும்பக் கையில இருந்தா இந்தச் செற்றை எடுக்கமாட்டன். பழைய சொலிங்கன் கத்தி, 5/8 அங்குல அகலம், வட்ட நுனி, விக்கிற ஆள் தானே தீட்டி வழிச்சுப் பாத்துத் தந்ததா இருந்தா அதை வாங்குவன். புதுசுதான் வேணுமெண்டா டோவோ இருக்கு, 1906ல தொடங்கின சொலிங்கன் கொம்பனி, விலை கடிக்கும். பிறஸ்சும் சவர்க்காரமும் எங்கட பொதுச் சந்தையிலயே தனித்தனியா வாங்கலாம். செற்றுக்கு அஞ்சுக்கு ரெண்டு குடுக்கிறன், அதுவும் இப்ப 8000ல முடிச்ச பிறகு கன்னம் சுத்தமா வழிக்குது எண்டபடியால். தொண்டையில இன்னும் கொஞ்சம் இழுக்குது. வவுனியாவுக்கும் பரந்தனுக்கும் இடையில ஆரிட்டயாவது 12000 கல்லு இருந்தா ஒரு மெசேஜ் போடுங்கோ, கத்தியோட பஸ் ஏறி நானே வாறன், தேத்தண்ணிச் செலவும் என்ர.