குடல் கழுவிய கணக்கு: மூன்று ஆண்டுப் பச்சை உணவு அனுபவம்

2021 பிப்ரவரியில் தொடங்கினேன். அப்போது எனக்கு வயது 49, எடை 81 கிலோ, மலச்சிக்கலுக்கு வயது பத்து. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கெழுதுகிறேன். ஜூன் மாதம் தோதாபுரி மாம்பழம் ஏற்றிய லாரிகள் வரிசைகட்டிவிட்டால் எடைச்சீட்டு மேசையைவிட்டு அசைய முடியாது. தண்ணீர் குடித்தால் எழுந்துபோக வேண்டிவருமே என்று அதையும் குடிக்கமாட்டேன். நோய்க்குக் காரணம் அந்த மேசையிலேயே இருந்தது. நான் அதைத் தேடிக்கொண்டு குடலுக்குள் போனேன்.

நண்பர் ஒருவர் சொல்லிக்கொடுத்த முறை இது: அடுப்பேறிய எதையும் தொடக்கூடாது, காலையில் எனிமா, இரவில் குடல் சுத்தப் பொடி. முதல் ஓராண்டு மூன்றையும் தவறாமல் செய்தேன். பிறகு ஒவ்வொன்றாகக் கைவிட்டேன். எது என்ன செய்தது என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடிந்தது.

உணவைப் பற்றிப் பெரிய குறை இல்லை. ஊறவைத்த வேர்க்கடலை, முளைகட்டிய பச்சைப்பயறு, தேங்காய், கொய்யா, வெள்ளரி, ஓசூர்ப் பக்கத்துக் கேரட், பீட்ரூட். மாம்பழக் காலத்தில் கேட்கவே வேண்டாம். வீட்டில் அம்மாதான் பொருமினார். எல்லோரும் கீரைக் குழம்பில் கேழ்வரகுக் களியைத் தோய்த்து விழுங்கும்போது நான் மட்டும் கிண்ணத்தோடு ஓரமாக உட்கார்ந்து பயறு மென்றுகொண்டிருப்பேன். "ஆடு மாடு தின்பதை ஆடு மாடு தின்னட்டும், உனக்கு என்னடா வந்தது?" என்பார். அவல் சாப்பிடலாமா என்று எங்களுக்குள் ஒரு பெரிய வழக்கே நடந்தது. நெல்லைச் சூடுகாட்டித்தானே அவல் இடிக்கிறார்கள், அது எப்படிப் பச்சை உணவாகும்? தீர்ப்பு வருவதற்குள் நான் தின்றுவிட்டேன்.

மூன்றாவது வாரத்தில் வயிறு இளகியது. எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தது. இவ்வளவு நார்ச்சத்தும் தண்ணீரும் உள்ளே போனால் யாருக்கும் இளகத்தான் செய்யும். ஆனால் அந்தப் பெயரை முழுக்க நான் எனிமாவுக்கும் பொடிக்கும் கொடுத்திருந்தேன்.

பொடி மாதம் 1,400 ரூபாய். இசப்கோல் உமி, பெண்டோனைட் என்னும் களிமண், பேதிக்குக் கொடுக்கும் நிலாவரை இலை மூன்றும் கலந்தது. ஐந்தாம் நாள், கயிறு போலத் திரிந்து, வழவழவென்று, சாம்பல் பழுப்பு நிறத்தில் ஒன்று வெளியே வந்தது. சாண் நீளம் இருக்கும். பல ஆண்டுகளாகக் குடலில் ஒட்டியிருந்த கழிவு அதுதான் என்றார்கள். எனக்கோ புதையல் எடுத்த மகிழ்ச்சி. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டப்போய், அன்று முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து ஓர் இரவு, பொடியைக் கரைத்துவைத்துவிட்டுக் குடிக்க மறந்து தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் டம்ளரில் கரைசல் இல்லை, கூழ் இருந்தது. கவிழ்த்தேன், விழவில்லை. கரண்டிக் காம்பால் நெம்பியதும் டம்ளரின் வடிவத்திலேயே நழுவித் தொட்டியில் விழுந்தது. அதே வழவழப்பு, அதே சாம்பல் பழுப்பு. விரலால் இழுத்தால் அதே கயிறு. இசப்கோல் தண்ணீரை உறிஞ்சி ஊதும், களிமண் அதற்குக் கெட்டித்தன்மை கொடுக்கும். கணக்கெழுதுகிறவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை: வரவில் வைத்ததுதான் செலவில் வந்திருக்கிறது. பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன், குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தானாக உதிர்ந்து புதிதாகிறதாம். பத்தாண்டுக் கழிவு பிடித்துத் தொங்க அங்கே இடமே இல்லை.

எனிமாவில் வேறு சிக்கல். அரை லிட்டர் குவளையைக் குளியலறை ஆணியில் மாட்டி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, பதினைந்து நிமிட வேலை. முதல் சில நாட்கள் உடம்பு லேசாக இருந்தது உண்மை. ஆறு மாதம் போனபின், குவளை இல்லாத நாளில் வயிறு அசைய மறுத்தது. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தருமபுரி போனபோது பையில் வேட்டிக்கு அடியில் குவளையையும் எடுத்துப்போனேன் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். ஒருநாள் எடை மேடையருகே இரண்டு கெண்டைக்காலும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டன. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைவு. தினமும் பேதியாகப் போனால் கழிவோடு உப்புச்சத்தும் போகத்தான் செய்யும். சிறுநீரகம், இதயம் சரியில்லாதவர்களுக்கு இது விளையாட்டல்ல.

அடுத்து வந்தது சிவப்புப் பயம். ஒரு காலை, கழிப்பறைக் கோப்பை முழுக்கச் சிவப்பு. முந்தைய இரவு தின்ற பீட்ரூட் நினைவுக்கு வருவதற்குள் பாதி உயிர் போய்விட்டது. பீட்ரூட் என்று சொல்லியும் மருத்துவர் விடவில்லை. வயது ஐம்பது, எடையும் குறைந்திருக்கிறது, ஒருமுறை உள்ளே பார்த்துவிடலாம் என்றார். கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பிக்கு முந்தைய மாலை இரண்டு லிட்டர் பேதிக் கரைசல் குடிக்கச் சொன்னார்கள். மூன்றே மணி நேரத்தில் வெறும் தண்ணீராகப் போனது. நான் ஓராண்டு பணம் கட்டித் தேடிய குடல் சுத்தம் அன்று சில நூறு ரூபாயில் முடிந்துவிட்டது.

உள்ளே புண் இல்லை, கட்டி இல்லை. ஆனால் குடல் சுவர் பழுப்பும் கறுப்புமாகத் தவளைத் தோல் போல இருந்ததைத் திரையில் காட்டினார். "நிலாவரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதை மாதக்கணக்கில் எடுப்பவர்களுக்கு இந்தக் கறை வருமாம், ஆபத்தில்லை, நிறுத்தினால் மெல்ல மறையுமாம். குடலில் அழுக்கு என்று சொல்ல ஒன்று இருந்ததென்றால், அது சுத்தம் செய்ய வாங்கிய பொடியின் கறைதான். அன்றோடு பொடியை நிறுத்தினேன். எனிமாவை விட மேலும் இரண்டு மாதம் ஆயிற்று.

அம்மா வைத்தியத்தைக் கேலி செய்தவன் நான். எங்கள் சிறுவயதில் சில மாதங்களுக்கு ஒருமுறை, பள்ளி விடுமுறை நாளாகப் பார்த்து விளக்கெண்ணெய் கொடுப்பார். மதியம் மோர் சாதம், மறுநாள் வழக்கம்போல. சித்த மருத்துவத்திலும் நான்கு மாதத்துக்கு ஒரு பேதி என்றுதான் கணக்கு. தினமும் என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை.

முழுப் பச்சை உணவையும் மூன்றாம் ஆண்டில் தளர்த்தினேன். பாலையும் விட்டிருந்ததால் வைட்டமின் பி12 குறைந்து விரல் நுனிகள் மரத்தன, ஊசி போட வேண்டியிருந்தது. ராயக்கோட்டைத் தக்காளியை வேகவைத்தால்தான் அதன் லைக்கோபீன் என்னும் சிவப்பு நிறச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும் என்பதும் தாமதமாகத்தான் தெரிந்தது. இன்னொன்று, இங்கே மரவள்ளி மலிவு என்று அதையும் பச்சையாகத் தின்னச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். அதில் சயனைடு உண்டு, வேகவைத்தே ஆக வேண்டும்.

இப்போது காலையில் பழமும் பயறும், மதியம் களியோ சோறோ, இரவு காய்கள். எழுந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர், காலை உணவு முடிந்ததும் அவசரமில்லாமல் பத்து நிமிடம். எடை 74 கிலோவில் நிற்கிறது. குவளை மாட்டிய ஆணியில் துண்டு தொங்குகிறது. போன ஜூனில் எடைச்சீட்டு மேசைமேல் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு நாலு முறை எழுந்துபோகிறேன். லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், அடிக்கட்டும்.